கேக்குதா சார்?

அந்தச் சோதனைக் கொட்டகையை நான் முதன்முதலாகப் பார்த்தது, இரண்டு வருடம் அதை ஆய்வு செய்து முடித்த பிறகு.

இது என் வழக்கமான புளுகுகளில் ஒன்று என்று நினைக்க வேண்டாம். எங்கள் அலுவலக விதியே அப்படித்தான் இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை சோதித்து, தேறியவற்றின் கழுத்தில் தேதி குத்த வேண்டும். முன்பெல்லாம் ஆய்வாளர் பக்கத்தில் போய் நிற்பார். பிறகு போனில் பார்த்தாலே போதும் என்றார்கள். நான் நாற்பது மைலுக்கு அப்பால் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருப்பேன். கொட்டகையில் சோதனைக்காரர் போனை ஒரு கம்பியில் கட்டிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் சுத்தியலால் தட்டிக் காட்டுவார். நல்ல சிலிண்டர் மணிபோல நீளமாக ஒலிக்கும். உள்ளே அரித்தது, விரிசல் விட்டது எல்லாம் ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் பொத்தென்று அடங்கும். 'ஒலி: நன்று' என்ற கட்டத்தில் நான் டிக் அடிப்பேன்.

ஆள் செத்தால் மட்டும் ஆய்வாளர் நேரில் போக வேண்டும் என்று பழைய விதியில் ஒரு வரி மிச்சமிருந்தது. அதனால்தான் போனேன்.

மதியம்தான். ஆனால் மழை கட்டி நின்றதில் வானம் கரிச்சட்டியாகக் கிடந்தது. வாசலில், சிலிண்டரில் வாயு நிரப்புகிற தடித்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன் சாரா? அட, உங்களுக்குக் காலெல்லாம் இருக்கே!"

"ஏன்யா, இருக்கக் கூடாதா?"

"ரெண்டு வருஷமா நெஞ்சுக்கு மேலதான பாத்திருக்கோம். காலில்லாம வர்றது என்னன்னு ஊருக்கே தெரியும்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அன்னிக்கு நான் நின்னுருக்க வேண்டிய எடம் சார் அது. 'நீ போய் டீ குடிச்சிட்டு வாடா, இத மட்டும் நானே நெரப்புறேன்'னு மணிக்காது என்னைய வெளிய அனுப்பிட்டாரு. டீ இன்னும் சுட்டுக்கிட்டே இருந்துச்சு. அதுக்குள்ள சத்தம்."

மணிக்காது என்பது செத்துப்போன சோதனைக்காரரின் பட்டப்பெயர். சிலிண்டர் வெடித்ததில் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அதைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள்.

முதலாளி என்னை அலுவலக அறைக்கு அழைத்துப்போய் அறிக்கையை நீட்டினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'சோதனைக்காரரின் கவனக்குறைவால்' என்று முடிந்தது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"போனவர் போயிட்டாரு. அவருக்கு இனிமே என்ன சார் கெட்ட பேரு? நீங்களும் இன்னும் மூணு மாசத்துல ஓய்வு. எதுக்கு வம்பு?"

நியாயமாகத்தான் பட்டது. பேனாவைத் திறந்தேன். கதவருகே ஒரு பெண் வந்து நின்றாள். கை முழுக்க வெள்ளிப் பெயிண்ட். தேறிய சிலிண்டர்களுக்கு வண்ணம் அடிப்பவள், மணிக்காதின் மனைவி.

"சார், ஒரு வார்த்தை."

"சொல்லும்மா."

"பாத்திரம் வைக்கிற சத்தத்த வச்சே நான் கோவமா இருக்கேனான்னு கண்டுபிடிப்பாரு சார் அந்த மனுஷன். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுனா இவருக்குத் தூக்கம் வராது. அவரா கவனிக்காம விட்டிருப்பாரு?" குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "'உங்கப்பாதான் வெடிக்க வச்சாராமே'ன்னு பள்ளிக்கூடத்துல கேக்குறாங்களாம். பொண்ணு பன்னெண்டு நாளா போகல. நீங்க எழுதுறதத்தான் அவ காலத்துக்கும் சுமக்கணும்."

"சோதனையோட வீடியோ பதிவைப் பாத்துட்டேம்மா," என்றேன். பார்த்துத்தான் இருந்தேன். பிறகு வெடித்த அந்தப் பன்னிரண்டாவது சிலிண்டரை அவர் தட்டுகிறார். நிற்கிறார். மறுபடி தட்டுகிறார். போனைப் பார்த்து, "கேக்குதா சார்?" என்கிறார். "கேக்குது, கேக்குது. அடுத்தது," என்கிறது என் குரல். லைன் அடிக்கடி இழுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்தக் கேள்வி வரும். அதில் என்ன இருக்கிறது?

அவள் திரும்பிப் போனாள். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மிச்சமிருக்கும் சிலிண்டர்களை நேரில் தட்டிப் பார்த்ததாக அறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சுத்தியலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் தனியாகப் போனேன்.

ஈர இரும்பின் வாடை. துரு, தின்னர், அவற்றுக்கு அடியில் கருகின எதுவோ. ஜன்னல்களில் பாதி, சாக்கால் மூடப்பட்டிருந்தது. சுவரோரம் பதினோரு சிலிண்டர்கள், தலையில்லாத ஆட்கள் வரிசையில் நிற்பதுபோல. அவற்றின் முடிவில், சிமெண்ட் தரையில் ஒரு துரு வட்டம். பன்னிரண்டாவது நின்ற இடம்.

முதல் சிலிண்டரைத் தட்டினேன்.

ணங்ங்ங் என்று அது கூரை வரைக்கும் போய்த் திரும்பியது. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

பயத்தால் அல்ல. இரண்டு வருடத்தில் அந்த ஒலியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் போனில் இருந்த செயலி ரொம்பக் கெட்டிக்காரச் செயலி. வேண்டாத இரைச்சலை நீக்கிவிட்டு, மனிதப் பேச்சை மட்டும் துல்லியமாகக் கொடுக்கும். அதன் கணக்கில் சுத்தியல் சத்தம் வேண்டாத இரைச்சல். திரையில் கை உயரும், இறங்கும். ஒரு சத்தமும் வராது. நான் கையைப் பார்த்து டிக் அடிப்பேன். எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியாது.

இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் நல்ல ஒலி. பதினொன்றாவதும் நீளமாகப் பாடி அடங்கியது. சுத்தியலைக் கீழே வைத்தேன்.

பொத்.

துரு வட்டத்திலிருந்து வந்தது.

அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தரை.

பொத்.

ஓட்டைப் பானை. செத்த ஒலி. குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும், இது தேறாது என்று.

என் இடது காதுக்குப் பின்னால், பணிவாக, வேலை நேரத்துக் குரலில்:

"கேக்குதா சார்?"

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்பதுதான் சரி. ஆனால் பாருங்கள், வாய் இருக்கிறதே, அதற்குப் பழக்கம்தான் எஜமான்.

"கேக்குது, கேக்குது," என்றது என் வாய்.

கொட்டகை முழுக்கச் சில்லென்று ஆனது. பதினோரு சிலிண்டரும் யாரும் தொடாமலே மெல்ல அதிரத் தொடங்கின. பல் கிட்டிப்போன ஒருவர் அழுவதுபோல் இருந்தது.

"கேக்குதா சார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் லைனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அந்தச் செத்த ஒலி உங்களுக்கும் கேட்கிறதா என்று கேட்டிருக்கிறார். இதை ஒதுக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார். முடிவு சொல்ல வேண்டியது ஆய்வாளர், விதி அப்படி. கேட்கிறது, அடுத்தது என்று நான் சொல்லியிருக்கிறேன். சார் கேட்டுவிட்டுத்தானே சொல்கிறார் என்று தேதியைக் குத்தியிருக்கிறார். தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கிற சோதனையில் அது எப்படியோ தப்பிவிட்டது. ஆனால் அவர் காது ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் நிரப்புகிற ஆளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, தானே போய் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

மூன்றாவது தடவை குரல் தழுதழுத்தது.

"சார்... கேக்குதா?"

"கேக்கலப்பா," என்றேன். "அன்னிக்கும் கேக்கல. ஒரு நாள்கூடக் கேக்கல. கேக்காமலே சொன்னேன்."

அதிர்வு நின்றது. என் பிடரியில் ஒரு பெருமூச்சு பட்டது. வேலை முடிந்து சட்டையைக் கழற்றுகிற ஆளின் மூச்சு.

நான் அலுவலக அறைக்குப் போய், அறிக்கையின் கடைசி வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: 'சோதனைக்காரர் குறையைக் கண்டறிந்து கேட்டார். ஆய்வாளர் ஒலியைக் கேட்காமலே அனுமதித்தார். அந்த ஆய்வாளர் நான்.' எழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது.

"தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்குற ஆள இப்பதான் சார் பாக்குறேன்," என்றார் முதலாளி.

மணிக்காதின் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன்.

"ரெண்டு வருஷமா கேக்காமலேயா தலையாட்டுனீங்க?"

"ஆமாம்மா."

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 'சார் ரொம்ப நல்ல மனுஷன், எது சொன்னாலும் ஒத்துக்குவாரு'ன்னு சொல்லுவாரு." திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "உங்ககிட்ட வந்து பேசியிருக்காரு. பன்னெண்டு நாளா நான் அங்கதான் நின்னு பெயிண்ட் அடிக்கிறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

"வேலையப் பத்தின பேச்சும்மா அது."

"ஆமா. வேலைன்னா அவருக்கு மத்தது எதுவும் ஞாபகம் வராது."

என் கையிலிருந்த தாளின் நகலை வாங்கி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். நேரே கொட்டகைக்குள் போனாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போகிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

கடைசியாக நின்ற சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, அதன் மேல் காதை வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சத்தியமாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "ம்," என்றாள்.

பிறகு, "சாப்பிட்டேன்," என்றாள்.

பிறகு சிலிண்டரை இன்னும் இறுக்கிக்கொண்டு, எதையோ முழுதாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போவா. நானே கொண்டுபோய் விடுறேன்."