ஏழாம் இலக்கக் குதிரையின் கால்கள்

ஹுன்னஸ்கிரிய மைதானத்தில் த்ரீவீல் நிற்பதற்குள் மிருக வைத்தியர் சஞ்சீவனி ஓடிவந்தார். முழங்கைவரை சேறு.

“கிளறன்ஸ் ஐயா, மூணு மணிக்குக் குதிரைப் பந்தயக் கமிட்டி கூடுது. ஓட ஏலாத குதிரைய நான் பாஸ் பண்ணிட்டேனாம். இனி என்னைய எந்தக் குதிரைப் பக்கமும் விடமாட்டாங்க.”

கிளறன்ஸ் பதறவில்லை. முப்பது வருடம் தோட்டத்தில் காவல் பார்த்தவர்; இப்போதும் ஊரில் களவு, புரட்டு என்றால் துப்புப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கண்ணால் கண்டதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். “படிச்சவங்க தப்பு செஞ்சா தாளக் காட்டித் தப்பிச்சுக்குவாங்க” என்று வழியிலேயே சொல்லியிருந்தார். த்ரீவீல் ஓட்டிய அக்குறணை ஷப்ராஸுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

மரநிழலில் ஏழாம் இலக்கக் குதிரை சேலைன் ஏறியபடி கிடந்தது. சூடு தணிய நான்கு கால்களிலும் ஈரச் சாக்கு. சாக்கில் சிவப்புப் பொட்டுகள். கிளறன்ஸ் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார்.

“நடந்ததச் சொல்லுங்க.”

நாற்பது கிலோமீற்றர் ஓட்டம். முதல் பாதி மழையில் ஊறிய காட்டுப்பாதை. அது முடிந்ததும் இந்த மைதானத்தில் பரிசோதனை. வந்த இருபது நிமிடத்துக்குள் குதிரையின் நெஞ்சுத் துடிப்பு அறுபத்துநாலுக்கு இறங்காவிட்டால் அதற்கு ஓட்டம் முடிந்தது. ஏழாம் இலக்கத்துக்கு நாற்பத்துநாலு. மீதி, வெயில் காயும் லொறிப் பாதை. அதில் மூன்று கிலோமீற்றர் போனதும் குதிரை விழுந்துவிட்டது. ஓட்டியவர் குதிரையின் சொந்தக்காரர் றொட்னியேதான். கமிட்டி ஆட்கள் அதை இங்கே ஏற்றிவந்து, காலில் ஈரச் சாக்குச் சுற்றிக் கிடத்திய பிறகுதான் சஞ்சீவனி ஓடிவந்து சேலைன் ஏற்றினார்.

கிளறன்ஸ் பதினொரு பரிசோதனைத் தாள்களையும் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். துடிப்பு, ஈறின் நிறம், குடல் சத்தம், கால். பத்துத் தாளில் ‘கால்களில் அட்டைக்கடி’. ஏழாம் தாளில் மட்டும் ‘கால்கள் சுத்தம்’.

“அட்டை கடிச்சதக்கூடவா எழுதுவீங்க?”

“பேச ஏலாத சீவன் ஐயா. நான் எழுதாட்டி அதுக்காக யாரு சொல்லுவா?”

கிளறன்ஸ் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஷப்ராஸின் காதில் சொன்னார்: “றொட்னியோட லொறிக்கு முன்னால வண்டியக் குறுக்கால போடு. அசையக் கூடாது.”

“இந்தா போறேன்! மோதினாலும் அசைய மாட்டேன்!”

மூன்று மணிக்குக் கமிட்டிக்காரர்கள் குதிரையைச் சுற்றி நின்றார்கள். றொட்னி சிரித்தார். “கெழவா, குதிரையப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது தொர. அட்டையத் தெரியும். காட்டுல ஒங்க குதிரைய அட்டை கடிக்கலியா?”

றொட்னி தாளை எட்டிப் பார்த்தார். “கால்ல சவுக்காரக் கட்டியத் தேச்சுத்தான் எறக்கினேன். ஒண்ணுகூட ஏறல. டொக்டரே எழுதியிருக்காங்களே.”

கிளறன்ஸ் சாக்குகளை உருவினார். நான்கு கால்களிலும் கடிவாய்கள். இன்னும் இரத்தம் கசிந்தது.

“அப்ப இது?”

“அது… பொறகு, ரோட்டுல…”

“காஞ்ச ரோட்டுல அட்டையா? அது ஈரத்துல கெடக்கிற சீவன். இந்தக் குதிரை காட்டுல ஓடியிருக்கு. டொக்டர் பாத்த குதிரை ஓடல. காட்டுலருந்து வந்ததும் துடிப்பு எறங்கலன்னு கண்டுக்கிட்டீங்க. லொறி மறைவுக்குக் கொண்டுபோயி, அதே நெறத்துல நின்ன இன்னொண்ணோட இடுப்புல ஏழுன்னு எழுதி டொக்டர்கிட்ட காட்டினீங்க. பாஸானதும் களைச்சதையே திரும்ப ஓட்டினீங்க. விழுந்த பொறகு அது காலக்கூடக் குனிஞ்சு பாக்கல. பாத்திருந்தா சவுக்காரக் கதை சொல்லியிருக்க மாட்டீங்க.”

“பொய்! என் லொறி காலி!”

கீழே கிடந்த குதிரை முனகியது. தார்ப்பாய் மூடிய லொறிக்குள்ளிருந்து ஒரு கனைப்பு பதில் சொன்னது.

“காலி லொறி கனைக்குதே, அல்லாஹ்வே!” என்று ஷப்ராஸ் அங்கிருந்து கத்தினான். தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளே இதே நிறத்தில் இன்னொரு குதிரை. இடுப்பில் பாதி அழிந்த ஏழு.

கமிட்டித் தலைவர் மன்னிப்புக் கேட்க சஞ்சீவனியிடம் திரும்பினார். டொக்டருக்கு எதுவும் கேட்கவில்லை. காதில் குழாய், குதிரையின் நெஞ்சோடு குனிந்திருந்தார்.

“அம்பத்திரெண்டு,” என்றார் கடைசியில். “எறங்கிடுச்சு. பொழைச்சுக்கும்.”

கிளறன்ஸ் சும்மா நம்புகிறவரா? அவர் முகத்தைப் பார்த்த சஞ்சீவனி, அவருடைய இரு விரல்களைப் பிடித்துக் குதிரையின் தாடைக்கடியில் வைத்தார். கிழவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ணினார்.

“அம்பத்திரெண்டுதான்,” என்றார். “இனி நீங்க சொன்னா எண்ண மாட்டேன்.”