வாசம் வராத ஒன்பது நாள்

காலை பதினொரு மணிக்கு நான்காவது மாடியில் கேஸ் வாசம் அடித்தது.

அந்தக் கட்டடத்தில் கேஸ் இணைப்பே கிடையாது. நகரம் முழுக்கக் குழாய் பதித்து எரிவாயு விற்கும் கம்பெனி, தன் தலைமை அலுவலகத்தில் காபியைக்கூட மின்சார இயந்திரத்தில்தான் போட்டுக் கொடுத்தது. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஜோக் அது. ஆனாலும் வாசம் வந்தது. மூடிய ஜன்னல்களுக்குள், குளிர்ந்த காற்றில், அழுகிய முட்டையை யாரோ ஈரத்துணியில் சுற்றி அவள் மேஜைக்கடியில் வைத்துவிட்டுப் போனதுபோல.

அவள் அந்தக் கம்பெனியின் அறிக்கைகளை எழுதுகிறவள். அலுவலகத்தில் அவளுக்குப் பேனாக்காரி என்று பெயர். முதலில் கேலியாக வைத்தது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. ‘மக்களுக்கு நம் பொறுப்பு’ என்ற அத்தியாயத்தை அன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும்.

பக்கத்து மேஜைக்காரர்களைக் கேட்டாள். யாருக்கும் எந்த வாசமும் வரவில்லை. கடைசியில் கசிவு பார்க்கும் ஆளைக் கீழிருந்து வரச் சொன்னாள். அவர் கையளவு மீட்டரை மேஜைக்கடியில், அலமாரிக்குப் பின்னால், மின்விசிறிக்கு மேலே எல்லாம் நீட்டிப் பார்த்தார். பூஜ்யம்.

“ஒண்ணும் இல்லை மேடம்.”

“எனக்கு நல்லா வருதே அண்ணே.”

அவர் மீட்டரை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “கேஸுக்குன்னு தனியா வாசம் கிடையாது மேடம். நாமதான் சேக்கறோம், கசிஞ்சா ஜனங்களுக்குத் தெரியட்டும்னு. சேக்கற பம்ப் ஒன்பது நாளா ஓடலன்னு கைப்பட எழுதிக் கொடுத்தேனே, அதை என்ன பண்ணீங்க?”

அவள் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் கீழே போனார்.

மூன்று மாதத்துக்கு முன்பு, அந்த ஒன்பது நாளுக்குள், ஒரு வீடு வெடித்தது. கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன். இரவெல்லாம் கசிந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. கசிவு பார்ப்பவரின் கடிதத்தை மேலாளர் அவளிடம் கொடுத்து, “இதை ஒரு வரியில முடிச்சிடும்மா” என்றார். அவள் முடித்தாள். ‘வாசம் சேர்ப்பதில் குறை எதுவும் கண்டறியப்படவில்லை.’ நல்ல வரி. யார் கண்டறியவில்லை என்று அதில் இல்லை.

மதியம் மேலாளர் கூப்பிட்டார். வெடித்த வீடு இருந்த மனையில் கம்பெனி ஒரு சிறுவர் பூங்கா கட்டியிருந்தது. “அங்க ஒரு போட்டோ, பக்கத்து வீட்டம்மாகிட்ட ‘கம்பெனி நல்லா செஞ்சிருக்கு’ன்னு ஒரு கையெழுத்து. ஆறு மணிக்கு அச்சுக்குப் போகணும். கொஞ்சம் சிரிச்ச முகமா எடு.”

கம்பெனி வண்டி அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டது.

நேரான, குறுகலான தெரு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், வெயிலில் வெளுத்த கதவுகள், சுவர்களின் அடியில் ஓடும் மஞ்சள் குழாய், எங்கோ ஒரு குழாயடியில் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம். அவள் நாலு எட்டு வைத்ததும் அந்தச் சத்தம் நின்றது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். சட்டையில் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்துத் திட்டுவார்கள் என்று நினைத்தாள். திட்டுக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவள் ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும், அங்கே நின்றவர் மூக்கால் மெதுவாக, நீளமாக மூச்சை இழுத்தார். ஒரு கிழவர். அடுத்து இரண்டு பெண்கள். அடுத்து கைக்குழந்தையோடு ஒருத்தி. அவளை மோந்து பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்கு விட்டார்கள்.

பூங்காவில் ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், கம்பெனி பெயர் போட்ட பலகை. ஒரு குழந்தையும் இல்லை. புல் மஞ்சளாக இருந்தது. போட்டோ எடுத்தாள்.

பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். இடது காதில் பஞ்சு. உட்காரச் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

“படிச்சுப் பாருங்களேன்.”

“நீங்க எழுதினதுதானே? படிச்சா மட்டும் என்ன தெரியப் போகுது?” பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். “அந்த வீட்டம்மாவுக்கு என்னா மூக்கு தெரியுமா? இங்க நான் பாலை அடிபிடிக்க விட்டா, சுவத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து சத்தம் போடுவாங்க. அந்த மூக்குக்கே ஒண்ணும் தெரியல.”

“எங்களுக்கும் ரொம்ப வருத்தம்தாங்க.”

“நாலு பேரும் இன்னும் போகல.” பக்கத்து வீட்டம்மா அதைச் சாதாரணமாக, தண்ணீர் இன்னும் வரவில்லை என்பதுபோல் சொன்னாள். “தெருவுலதான் மோந்துக்கிட்டே திரிஞ்சாங்க. எந்த வாசம் வந்திருந்தா பொழச்சிருப்பாங்களோ, அதைத் தேடி. வீடு வீடா வந்தாங்க. எங்க யார்கிட்டயும் அது இல்லை.”

பேனாக்காரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

அந்தம்மா ஓர் எட்டு முன்னால் வந்து, மூச்சை இழுத்தாள். “உங்ககிட்ட இருக்கு. இன்னைக்குத்தான் தெருவுக்கு நிம்மதி. கிளம்புங்க.”

தெருமுனையில் ஓட்டுநர் வண்டியின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் நெருங்கியதும் மூக்கைப் பொத்தினார்.

“மேடம், மன்னிச்சுக்குங்க. உங்க மேலதான் கேஸ் வாசம் அடிக்குது. நான் ஏத்த மாட்டேன். எனக்கும் பிள்ளைக்குட்டி இருக்கு.”

பேருந்தில் போனாள். கூட்டம் இருந்தும் அவளைச் சுற்றி இடம் காலியானது. ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனாள். பேனாக்காரிக்குப் பின் இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் பிடரியருகே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. நீளமாக. இறங்கும்போது, படிக்கட்டில், இடுப்பு உயரத்தில் இன்னொன்று. சின்ன மூக்கு. சளி பிடித்த குழந்தை இழுப்பதுபோல, விட்டு விட்டு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. கணவர் மகளை அழைத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார், பள்ளி விடுமுறை. அவள் கதவைத் தாழிட்டு, உடுத்தியிருந்ததைக் கழற்றிப் பையில் கட்டி, சோப்பு கரையும்வரை தேய்த்துக் குளித்தாள். தலையைத் துவட்டும்போது துண்டிலும் அதே வாசம். தலைமுடியில், நகக்கண்ணில், வாய்க்குள். குளியலறைக் கதவின் அடியில் நிழல்கள் விழுந்திருந்தன. எட்டுப் பாதங்களின் நிழல். கதவைத் திறந்தபோது ஒன்றும் இல்லை. தரை மட்டும் சாம்பல் படிந்ததுபோல மங்கி இருந்தது.

மணி ஐந்தரை. கூடத்து மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள்.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வரியை அழித்தாள். ‘வாசம் சேர்க்கும் பம்ப் ஒன்பது நாள் ஓடவில்லை. நமக்குத் தெரியும். நாம் யாரிடமும் சொல்லவில்லை’ என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மூச்சு இழுக்கும் சத்தம் நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல ஓர் அமைதி.

தொலைபேசி அடித்தது. மேலாளர்.

“என்னம்மா, ஆறாகப் போகுது. இன்னும் வரலையே?”

“அனுப்பறேன் சார்.”

“அந்த வரி அப்படியேதானே இருக்கு? ‘கண்டறியப்படவில்லை’?”

பின்னால் நாற்காலியின் முதுகை ஒரு கை தொட்டது. லேசாகத்தான். பேருந்து நிற்குமா என்று கேட்க முன்னிருக்கைக்காரரைத் தொடுவதுபோல. சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் பதினாலு வருஷமாக அந்தக் குரலுக்கு ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய் அது. செத்தவர்களுக்குப் பயப்பட அது இன்னும் கற்றிருக்கவில்லை.

“ஆமா சார். அப்படியேதான் இருக்கு.”

பழைய வரியைத் திரும்பப் போட்டாள். அனுப்பினாள்.

வாசம் போய்விட்டது.

சட்டென்று, மூடி போட்டு மூடியதுபோல. அவள் நம்பாமல் உள்ளங்கையை முகர்ந்தாள். இல்லை. துண்டை எடுத்து முகர்ந்தாள். இல்லை. சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கூடம் பாதி இருட்டு. பின்னால் யாரும் இல்லை. கை இல்லை. மூச்சு இல்லை.

துண்டை மறுபடி முகர்ந்தாள்.

சோப்பு வாசமும் இல்லை.

கூந்தல் எண்ணெய் இல்லை. மேஜையில் காலையில் உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல். மூக்கோடு அழுத்தினாள். ஒன்றுமில்லை. உலகத்தில் எதற்குமே வாசம் இல்லை.

அப்போதுதான் கேட்டது.

சமையலறையில். ஸ்ஸ்ஸ் என்று. மெல்லியதாக, விடாமல், ஒரே சீராக.

எவ்வளவு நேரமாக?

எழுந்தாள். தலை கனத்தது. கால் தனக்குச் சொந்தமில்லாததுபோல் துவண்டது. ஜன்னல். முதலில் ஜன்னல். இல்லை, வால்வு. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல்வரை போனாள். கத்த நினைத்தாள். காற்றுதான் வந்தது.

அடுப்பின் நான்கு திருகுகளும் முழுதாகத் திறந்திருந்தன. தகப்பன், தாய், பெண் மூவரும் அதன்மேல் குனிந்திருந்தார்கள், முதுகில் கருகிய துணி ஒட்டிக்கொண்டிருக்க, மூக்கை ஓட்டைகளின்மேல் வைத்து, பொறுமையாக, ஆழமாக, மறுபடி மறுபடி மூச்சை இழுத்தபடி. தாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபம்கூட இல்லாத முகம்.

“ஒரு வாசமும் வரலையே” என்றாள்.

பையன் மட்டும் சுவரோரம் நின்றிருந்தான். உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. குதிகாலை உயர்த்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையை முடிந்தமட்டும் மேலே நீட்டியிருந்தான். கரிந்த விரலின் நுனிக்கும் விளக்கு ஸ்விட்சுக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி.

அவன் இன்னும் கொஞ்சம் எக்கினான்.