ஹசிந்தாவுக்கு எதிராகப் பிலார்

அன்று ஞாயிற்றுக்கிழமை, மழை. கிளப் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. பொரித்த மாவு அப்பத்தின் வாசனை திரை வரைக்கும் போயிற்று. மழை வந்தால் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அதைத்தான் சுடுவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை அங்கே அந்தப் படத்தைப் போடுவார்கள். அவர்கள் ஊர் ரயில் நிலையத்திலேயே எடுத்த படம். தலைநகரிலிருந்து வந்த படக்காரர்கள், ஹசிந்தா என்ற பெண்ணாக நடிக்க உள்ளூர் ஆளைத் தேடினார்கள். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்த கிரிசெல்தாவைப் பிடித்துப் போட்டார்கள். கிரிசெல்தா, பிலாரின் அம்மா.

கதை சின்னதுதான். ரயில் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹசிந்தா, நிலைய அதிகாரிக்கு மாத்தே கொடுப்பாள். குடுக்கையில் இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, குழாயால் உறிஞ்சிக் குடிக்கும் கசப்பு பானம் அது. அதிகாரி குடிப்பார், தூங்கிப்போவார். விழித்துப் பார்த்தால் அஞ்சல் பையைக் காணோம். ஹசிந்தா அடுத்த ரயிலில் ஏறிப் போய்விடுவாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடும்.

மாத்தேயில் அவள் தூக்க மருந்து கலந்தாளா, இல்லையா? படம் சொல்லாது.

அதனால் விளக்கு எரிந்ததும் ஊர் இரண்டாகப் பிரியும். கலந்தாள் என்பவர்கள் ஜன்னல் பக்கம். கலக்கவில்லை என்பவர்கள் அடுப்படிப் பக்கம். பிறகு ஒரே சண்டை. கிரிசெல்தா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கும் மாத்தே ஊற்றிக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

“நீதானே நடிச்ச? சொல்லித் தொலையேன்” என்பார்கள்.

“எனக்கென்ன தெரியும்? சண்டை போட்டு நீங்களே கண்டுபிடிங்க” என்று சிரிப்பாள்.

கிரிசெல்தா போன குளிர்காலத்தில் இறந்துபோனாள். அந்த வருடம் படம் போடவில்லை. இந்த வருடம் பிலார்தான் போடச் சொல்லிக் கேட்டாள். படத்தைவிட அவளுக்கு அந்தச் சண்டைதான் வேண்டியிருந்தது. அந்தக் கூச்சலைக் கேட்டால் அம்மா நடுவில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது.

எல்லோரும் அடுப்படிப் பக்கம் போய் நின்றார்கள். ஜன்னல் பக்கம் காலி.

பேக்கரி நெல்லிகூட அங்கேதான் நின்றாள். வருடா வருடம் ஹசிந்தாவைக் ‘கைகாரக் கள்ளி’ என்று திட்டுகிறவள் அவள்தான்.

“அத்தை, நீங்க ஜன்னல் பக்கம்தானே?” என்று பிலார் கேட்டாள்.

“வயசாச்சு கண்ணு. மனசு மாறிடுச்சு.”

பிலாரின் வகுப்புப் பையன் லெயாந்த்ரோ காதோரம் வந்து, “இன்னைக்கு ஹசிந்தாவப் பத்தித் தப்பா ஏதாவது சொன்னா அப்பம் கிடையாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. உன் மனசு நோகுமாம்” என்றான்.

கிளப் தலைவர் தோன் அபெலினோ தொண்டையைச் செருமினார். “எல்லாருக்கும் ஒரே முடிவு. ஹசிந்தா குற்றம் செய்யல. ரொம்ப சந்தோஷம். அப்பம் ஆறுது, வாங்க.”

ஆஸ்பத்திரியில் பேசுவது போல எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். பிலாரின் அப்பா வால்டெமார் தொப்பியை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக அவர் குரல் அப்படித்தான். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

பிலார் ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் தரதரவென்று இழுத்துப் போனாள். அதன்மேல் ஏறி நின்றாள்.

“கண்ணு, அது மருந்து கலந்தான்னு சொல்றவங்க பக்கம்” என்றார் தோன் அபெலினோ.

“தெரியும். ஹசிந்தா கலந்தா.”

அப்பத்தை நோக்கிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“முதல் மாத்தேயை யாரு குடிக்கணும்?” என்று பிலார் கேட்டாள்.

“ஊத்துறவங்கதான்” என்றாள் நெல்லி. “முதல் தண்ணி ஒரே கசப்பு, தூளா வரும். அத அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாமா?”

“ஹசிந்தா கொடுத்தாளே. தான் ஒரு வாய்கூடக் குடிக்காம நேரா அதிகாரிகிட்ட நீட்டினா. ஏன்? உள்ள என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியும்.”

நெல்லி கையிலிருந்த அப்பத்தைத் தட்டில் வைத்தாள். “இத்தனை வருஷமா நான் இதத்தானே கத்துறேன்” என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தாள்.

“மனசு மாறிடுச்சுன்னீங்க?”

“திரும்பவும் மாறிடுச்சு.”

“படத்துல எல்லாத்தையுமா காட்டுவாங்க?” தோன் அபெலினோவின் குரல் ஏறிற்று. “அவ பல்லு வெளக்கினதக்கூடத்தான் காட்டல.”

யாரோ சிரித்தார்கள். இன்னும் நான்கைந்து பேர் ஜன்னல் பக்கம் வந்தார்கள். லெயாந்த்ரோ அப்பத்தைப் பாதுகாப்பாக வாயில் வைத்துக்கொண்டு தாவி வந்தான்.

அப்போது வால்டெமார் எழுந்தார்.

“தப்பு” என்றார். “நீ சொல்றது தப்பு, பிலார். அவ குடிச்சா.”

“எங்க காட்டினாங்க, அப்பா?”

“நீட்டுறதுக்கு முன்னாடி வாசல் பக்கமாத் திரும்பி நிக்கிறா. அவ நகர்ந்தப்புறம் பாரு, வாசப்படி ஈரமா இருக்கும். முதல் வாயை உறிஞ்சி வெளிய துப்பிட்டா. உங்கம்மா வீட்டுலயும் அதத்தான் செய்வா. அவ துப்பித் துப்பியே நம்ம ரோஜாச்செடி பட்டுப்போச்சு. மருந்து கலந்தவ அத வாயில வைப்பாளா?”

அடுப்படிப் பக்கம் ஆரவாரம் எழுந்தது.

“துப்பிட்டா இல்ல?” என்றான் லெயாந்த்ரோ வாய் நிறைய அப்பத்தோடு. “மருந்துன்னு தெரிஞ்சுதான் துப்பினா.”

அவன் அம்மா அவனை அடக்கவில்லை. அவளே எதிர்ப் பக்கத்திலிருந்து அவனைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தாள்.

“முதல் வாயை எல்லாரும்தான் துப்புவாங்க” என்றது அடுப்படிப் பக்கம்.

“நான் முழுங்குவேன்” என்றாள் நெல்லி.

“அதான் முகம் எப்பவும் அப்படி இருக்கு” என்றார் தோன் அபெலினோ.

வால்டெமார் விரலை ஆட்டிக்கொண்டே பிலாரின் நாற்காலி வரைக்கும் வந்துவிட்டார். “நீ யாரு பொண்ணுடீ? இப்படி வம்பு பண்ற?”

“அம்மா பொண்ணு.”

“அது நல்லாத் தெரியுது” என்றார். சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் குரல் உயர்ந்தது. பிலார் அதைவிட உயர்த்தினாள்.

மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகுதான் கூடம் காலியானது. அதற்குள் அப்பாவுக்கும் மகளுக்கும் தொண்டை கட்டிப்போயிற்று. ஈரத் தெருவில் இருவரும் கையை ஆட்டி ஆட்டிச் சைகையிலேயே சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.