திரை சாய்ந்த பக்கம்

பெயர்கள்தான் முதலில் நடுங்கின.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்கழி, மழை விட்டும் விடாத ஒரு காலை. புளியந்தீவில், வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு பழைய கல்வீட்டில், இடம்பெயர்ந்த சனங்களுக்குக் கூரைத்தகடும் பாயும் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் அலுவலகம் நடந்துவந்தது. அங்கே கொம்பியூட்டரில் பட்டியல் அடிப்பவள் அன்னப்பூரணி. குருக்கள்மடத்துக் குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தபோது, திரையின் நடுவே இருந்த வரிகள் மெல்லக் கீழே தொய்ந்தன. ஈரச்சேலை போட்ட கொடிக்கயிறு எப்படித் தொய்யுமோ அப்படி. தொய்ந்த இடத்தில் எழுத்துகள் நடுங்கின. பிறகு நிமிர்ந்தன. பிறகு மறுபடியும்.

அவள் திரைப்பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அதுக்கு ஏன்கா அடிக்கிறாய்? உன்ர மனிசன் செய்த வேலைக்கு அது என்ன செய்யும்?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள் சீதேவிப்பிள்ளை. அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுப்பது அவளுடைய வேலை. "இந்தா, பிளேன்ரீ. இஞ்சி போட்டிரிக்கன்."

"வேணாம் சீதேவியக்கா. தூரக் கொண்டு போங்க. மணக்குது."

"தேயிலையும் மணக்குதா உனக்கு? அஞ்சாம் மாசமும் மசக்கை விடாத ஒருத்தியை நான் இப்பதான் காணுறன்."

விடவில்லைதான். சோறு கொதிக்கும் வாடை, கணவனின் சட்டைக் கழுத்து, களஞ்சியத்தில் நனைந்து கிடக்கும் சாக்கு, மழைக்குக் கரையொதுங்கி வாவி ஓரத்தில் வயிறு வெடித்துக் கிடக்கும் மீன், ஏன், சீதேவிப்பிள்ளையின் தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய்கூட அவளுக்குக் குமட்டியது. உலகம் முழுவதும் அழுகிக்கொண்டிருப்பது தனக்கு மட்டும் தெரிவதுபோல ஒரு எண்ணம். ஆனாலும் அவள் ஒன்றையும் குறை சொல்லவில்லை. இதற்கு முன்னே இரண்டு பிள்ளைகள் மூன்று மாதத்தைத் தாண்டாமல் கரைந்து போயிருந்தன. இது தங்கிவிட்டது. இது மட்டும் தங்கட்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று மணிக்கட்டில் கட்டிய கோயில் நூலைத் தடவிக்கொண்டே அவள் அந்த நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

குமட்டாத பொருள் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

குசினி மூலையில் ஒரு மண்பானை. அதில் அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவுவார்கள். குடிக்கிற தண்ணீர் பக்கத்துத் தெருவிலிருந்து பிளாஸ்டிக் கானில் நிரப்பி வரும். இந்தப் பானைத் தண்ணீர் செம்மஞ்சளாக இருக்கும். துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தாற்போல ஒரு சுவை. மசக்கைக்காரிகள் சாம்பலும் சுவர்மண்ணும் தின்பதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சீதேவிப்பிள்ளை முற்றம் கூட்டப்போகும் நேரம் பார்த்து நாளைக்கு நாலு செம்பு குடிப்பாள். குடித்தால்தான் வயிறு அமரும். சில நாட்களில் பானையின் உட்புறத்தில் படிந்திருக்கும் வழுவழுப்பையும் விரலால் வழித்து நாக்கில் வைத்திருக்கிறாள். வைத்த பிறகு வெட்கம் வரும். ஆனாலும் அடுத்த நாளும் விரல் போகும்.

பதினொரு மணிக்கு முத்தலிப் வந்தார். காத்தான்குடியில் ரேடியோ, ரீவி திருத்துகிறவர்; அண்ணன் முறையாக எல்லாரும் காக்கா என்றே கூப்பிடுவார்கள். அலுவலகப் பொறுப்பாளர் தங்கராசா ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தார்.

"ஏன் காக்கா இவ்வளவு நேரம்?" என்றார் தங்கராசா.

"செக்பொயின்ற்ல இந்த வளையத்த வச்சிட்டுப் போ எண்டு நிண்டானுகள்." முத்தலிப் பைக்குள்ளிருந்து சாப்பாட்டுத் தட்டளவு வட்டமான ஒன்றை எடுத்தார். செப்புக் கம்பியைப் பல நூறு சுற்றுச் சுற்றி, மேலே துணிநாடா கட்டிய வளையம். "ரீவியில நிறம் திட்டுத்திட்டாப் பிடிச்சா, கரண்டக் குடுத்து இதால தடவி எடுக்கிற எண்டு விளங்கப்படுத்தி முடிய எனக்குத் தண்ணி வத்திப் பெயித்து. எங்க நோயாளி?"

அவர் திரைப்பெட்டியின் பின்மூடியைக் கழற்றினார். "கிட்ட வராதீங்க தங்கச்சி. கரண்ட நிப்பாட்டினாலும் உள்ளுக்கு நிண்டிரிக்கும். தொட்டா மவுத்துதான்."

கிட்டப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. வாடை தானாகவே வந்தது. சூட்டுக்கு ஒதுங்கிய கரப்பான்களின் கூடுகள், எண்ணெய்ப் பிசுக்கேறிய தூசு, தூசோடு பின்னிக்கொண்ட தலைமயிர். நடுவே, கம்பிச்சுருளோடு ஒட்டிப் பாதி வெந்து காய்ந்த ஒரு பல்லி. முத்தலிப் அதைக் குறட்டால் பிடித்து இழுத்தார். அது இரண்டாக வந்தது.

"பாருங்க சேர், கள்ளனப் பிடிச்சாச்சு," என்றார்.

அன்னப்பூரணி குசினிப் பக்கம் ஓடினாள். ஓங்கரித்தது, ஒன்றும் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று கண்டு ஒரு செம்பு பானைத் தண்ணீரைக் குடித்தாள். வயிறு அமர்ந்தது.

துடைத்து, மூடி, மின்சாரத்தைப் போட்டபோது திரை அசையாமல் நின்றது. "ஆ, இருந்து அடிங்க தங்கச்சி," என்றார் முத்தலிப். அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். வரிகள் தொய்ந்தன.

முத்தலிப் வயரை மாற்றினார். மேசையை மின்விசிறிக்குத் தூரமாக இழுத்தார். கடைசியில் கொம்பியூட்டரையும் திரைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்த் தங்கராசாவின் அறையில் வைத்துப் போட்டார். அங்கே ஆடாமல் அசையாமல் நின்றது.

"பெட்டியில பழுதில்ல சேர். அந்த இடம்தான் பழுது. செவருக்குள்ள கரண்டு வயர் ஏதும் ஓடுதோ தெரியா."

"அப்ப இந்த அறையிலயே வைப்பம். பூரணி, இஞ்ச வந்து அடி பிள்ளை. பட்டியல் இண்டைக்குப் போகவேணும்," என்றார் தங்கராசா.

அவள் வாசலில் நின்று உள்ளே காலை வைத்தாள். திரையில் இருந்த வரிகள் வலப்பக்கம் சாய்ந்தன. வாசல் வலப்பக்கம் இருந்தது. அவள் மேசையைச் சுற்றி இடப்பக்கம் போனாள். வரிகள் அவளோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தன, காற்றுக்குச் சாயும் புல்லைப் போல. ஆனால் காற்று தள்ளும், இது இழுத்தது.

தங்கராசா சிரித்தார். "மனிசிமாரக் கண்டா அதுக்கும் ஒரு இது." அப்போது தொலைபேசி வந்ததாக முன்னறையில் யாரோ கூப்பிட, அவர் எழுந்து போய்விட்டார்.

முத்தலிப் சிரிக்கவில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து சிறிய பித்தளைச் சிமிழ் ஒன்றை எடுத்துத் திறந்தார். திசை காட்டும் முள். வேலைக்குப் போகிற வீடுகளில் தொழுகைக்குக் கிப்லாத் திசை பார்க்க வைத்திருப்பது. "காந்தம் எங்க இரிக்கி எண்டு இது காட்டும்," என்றார். முள் வடக்கைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது.

"தங்கச்சி, சுணங்காம அந்த யன்னலடிக்குப் போங்க."

போனாள். முள் அவள் போன பக்கம் கிறுகியது.

"மறுகா இஞ்சால வாங்க."

வந்தாள். முள்ளும் வந்தது.

"நகையில இரும்பு ஏதும்…"

"நூல் மட்டும்தான் காக்கா."

அவர் சிமிழோடு மெல்ல நடந்தார். குசினி வாசலில் முள் ஒருதரம் தத்தளித்து, அவளை விட்டுவிட்டு மூலைப் பானையைக் காட்டியது. அவள் பின்னால் வந்து நின்றதும் அவளைக் காட்டியது. பானை. அவள். பானை. எது கிட்டவோ அது.

"இந்தத் தண்ணி எங்கால வாறது?" என்று முத்தலிப் சீதேவிப்பிள்ளையைக் கேட்டார்.

"வளவுக்குள்ள ஒரு கிணறு. வாயைக் கொங்கிறீட்டால மூடி, பம்ப் பூட்டிக் கிடக்கு."

"ஏன் மூடின?"

சீதேவிப்பிள்ளை கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்தாள். "எனக்கென்ன தெரியும் காக்கா. தொண்ணூறில இந்த வீட்டில ஆக்கள் இருந்தவங்க. ஆரெண்டு கேக்காதீங்க, அப்ப ஆரும் ஆரையும் கேக்கிறல்ல. இரவில லொறியில சனங்களைக் கொண்டு வருவாங்க, வந்த சனம் திரும்பிப் போனதை ஆரும் காணல்ல. மறுகா வீட்டில இருந்தவங்க போன பிறகு, வீட்டை வாடகைக்கு விடவேணும் எண்டு கிணறு இறைக்க ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தாங்க. அவன் எட்டிப் பார்த்தான். கொண்டுவந்த கயித்தையும் வாளியையும் போட்ட இடத்தில விட்டிட்டுப் போயிட்டான். கூலியும் கேக்கல்ல. பிறகுதான் மூடின."

"அப்ப உள்ளுக்கு…"

"நான் பாக்கல்ல. ஆனா அந்தத் தண்ணியை ஆரும் வாயில வைக்கிறல்ல. கோப்பை கழுவினாலும் நான் கான் தண்ணியால ஒருக்கா அலசித்தான் எடுக்கிற." அப்போதுதான் அன்னப்பூரணியின் முகத்தைப் பார்த்தாள். "என்ன புள்ள?"

அவள் வாயைத் திறந்தாள். நாக்கில் ஆணியின் சுவை. பல்லிடுக்கில் அந்த வழுவழுப்பு. இரண்டு மாதமாக, நாளைக்கு நாலு செம்பு.

"நான் குடிச்சனான் அக்கா."

"எதை?"

"எனக்கு அதுதான்… வேற ஒண்டும் உள்ள போகுதில்ல. நான் ஒவ்வொரு நாளும் குடிச்சனான்."

சீதேவிப்பிள்ளை தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்னப்பூரணி பாத்திரம் கழுவும் தொட்டியின்மேல் குனிந்தாள். விரலைத் தொண்டைக்குள் விட்டாள். இப்போது வந்தது. செம்மஞ்சள் நீர், நூல் நூலாகக் கொழுப்பு, கடைசியில் கறுத்து நீண்டு பல்லில் சிக்கிய ஒரு மயிர். இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது. அவளுடைய தலைமயிர் அல்ல. சுருண்டது. அவள் மறுபடி மறுபடி விரலை விட்டாள். வயிற்றில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். ஆனால் வயிற்றில் இருப்பதை எல்லாம் எடுக்க முடியாது. அங்கே அவள் பிள்ளை இருந்தது.

"காக்கா, பிள்ளைக்கு என்ன?" என்றாள் முகத்தைத் துடைக்காமலே. "அந்த முள்ளு பிள்ளையையா காட்டினது?"

"யா அல்லாஹ், அப்பிடிச் செல்லாதீங்க." அவர் சிமிழை அவசரமாக மூடினார். "இது பழைய சாமான், முள்ளு சரியில்ல. பெட்டியிலதான் காந்தம் ஏறியிரிக்கி. வளையத்தால ஒருக்காத் தடவினா எல்லாம் சரியாப் பெயிரும். நீங்க முன்னுக்கு நிண்டாலும் அசையாது. கண்ணால பாருங்களேன்."

அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் சொன்னதே அவளுக்குப் போதும். திரை அசையாமல் நின்றால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவ்வளவுதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கராசாவின் அறை சிறியது. அவள் எதிர்ச்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். சீதேவிப்பிள்ளை கையில் கோப்பையோடு வாசலில். முத்தலிப் வளையத்தைத் திரைக்கு முன்னே பிடித்து, அதன் பிடியிலிருந்த ஆளியை அழுத்தினார். அது வண்டுக்கூட்டம்போல் உறுமியது. திரையில் பச்சையும் ஊதாவும் சீழ்போலக் கலங்கிச் சுழன்றன.

"ஒரேயடியா நிப்பாட்டினா கறை பிடிச்சிரும்," என்றார் திரும்பாமலே. "போட்டபடியே மெல்ல மெல்லப் பின்னுக்கு வரணும்."

ஒரு அடி பின்னே வந்தார். நிறங்கள் தெளிந்தன. இன்னொரு அடி. வரிகள் நிமிர்ந்தன. குருக்கள்மடத்துப் பெயர்கள் எல்லாம் நேராக, சுத்தமாக, ஒரு சிறு நடுக்கமும் இல்லாமல் நின்றன. அவள் முன்னாலேயே நின்றன.

"அசையல்ல!" அவள் அழுதாள். "சீதேவியக்கா, அசையல்லக்கா!"

முத்தலிப் இன்னொரு அடி பின்னே வந்தார். வளையம் இப்போது அவளுக்கு ஒரு கையெட்டுத் தூரத்தில்.

வயிற்றில் ஒரு இழுப்பு.

பிள்ளை திரும்புகிறது என்று நினைத்தாள். முதல் அசைவு. ஐந்தாம் மாதத்தில் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். மீன் துள்ளுவது போல என்று சொன்னார்கள்.

இது துள்ளவில்லை. தடவியது.

உள்ளேயிருந்து. இடமிருந்து வலமாக. ஆறுதலாக.

"காக்கா. நிப்பாட்டுங்க."

அவர் திரும்பினார். வளையமும் அவரோடு திரும்பியது. அவளுடைய பாதங்கள் தரையில் வழுக்கின, வளையத்தை நோக்கி. அவள் யன்னல் கம்பியைப் பிடித்தாள். சேலைக் கொசுவம் நெகிழ்ந்து விழுந்தது. முத்தலிப்பின் கண்கள் கீழே போயின. ஆளியின்மேல் இருந்த அவருடைய விரல் அசையவில்லை. வாசலில் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது.

அன்னப்பூரணி குனிந்து பார்த்தாள்.

தோல் உயர்ந்திருந்தது. ஒரு விரல் நுனி. நகத்தின் விளிம்புகூடத் தெரிந்தது. பிறகு இரண்டு. நாலு. கணுக்கள் தடித்த, மண்வெட்டி பிடித்துப் பழகிய விரல்கள். விரிந்த உள்ளங்கை அவள் வயிற்றின் பாதியை மூடியது. வளர்ந்த ஆண் ஒருவனுடைய வலக்கை.

அது தோலை அழுத்திப் பார்த்தது. மேலே நகர்ந்தது. மறுபடி அழுத்தியது. இருட்டில் ஏறி வருகிறவன் பிடி தேடுவதைப் போல.

வளையம் உறுமிக்கொண்டேயிருந்தது.

அதற்குக் கீழே தோல் இன்னோர் இடத்தில் உயர்ந்தது. விரல் விரலாக விரிந்தது. சின்னக் கை. வளையல் ஒன்றின் வட்டம் மணிக்கட்டில் பதிந்து தெரிந்தது.

அதுவும் வலக்கை.