வழுக்கி விழும் ஆறுகால் வண்டி

"ஹலோ... யாரைக் கேட்டு எங்க காலைப் படம் புடிக்கிறீங்க?"

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வசுமதி போட்ட சத்தத்தில் அந்தப் புதியவனின் போன் நழுவித் தேயிலைச் செடிக்குள் விழுந்தது. குனிந்து துழாவி எடுத்து நிமிர்ந்தான். அடடா, என்ன கண்கள்! மழைக்கு முந்தின மலை மாதிரி கறுத்து, ஈரமாய்... போகட்டும், அழகான கண்ணு இருந்தா திருடன் இல்லேன்னு யார் சொன்னது?

"சாரிலா... முகத்தை எடுக்கல. சரிவுல எப்படி நிக்கிறீங்கன்னு பார்க்க, கால் மட்டும்தான்."

"அது இன்னும் மோசம்லா!"

அதற்குள் மழை கொட்ட, இருவரும் கொழுந்துக் கொட்டகைக்குள் ஓடினார்கள். அவன் பெயர் யுவனேஸ்வரனாம், ஈப்போக்காரனாம், பக்கத்து ஊர் தானா ராத்தாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறானாம். அவள் முறைத்த முறைப்பில் மடிக்கணினியைத் திறந்தே காட்டிவிட்டான். திரையில், களிமண்ணில் பிடித்துவைத்ததுபோல ஒரு வண்டி. சக்கரமே இல்லை. ஆறு கால்கள்... முதுகில் கொழுந்து மூட்டை.

மூட்டை தூக்க இது வந்துவிட்டால் ஆள் எதற்கு? எஸ்டேட்டை நடத்தும் துரை ஆளைக் குறைக்கப் போகிறார் என்று, கணக்கெழுதும் கிராணி வாயிலிருந்தே வந்த பேச்சு. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அம்மா யோகேஸ்வரி எங்கே போவாள்?

"துரை அனுப்பினாரா?"

"எந்தத் துரை? இது வீடியோ கேமுக்கு. கம்ப்யூட்டருக்குள்ள மட்டும்தான் நடக்கும்."

நம்புவாளா அவள்? கேமுக்கு எதற்குக் கொழுந்து மூட்டை?

வண்டியைத் திரையிலேயே சரிவில் நடக்கவிட்டான். நாலாவது அடியில் வழுக்கி, மூட்டையோடு உருண்டது. எவ்வளவு அடக்கியும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு பக்கக் காலும் ஒரே மாதிரி இருந்தா எப்படிலா நிக்கும்? மேல் கால் மடங்கணும், கீழ் கால் நீளணும். கீழ்க் காலைச் செடித் தூர்ல முட்டுக் குடுக்கணும். எங்கம்மா நிக்கிறதப் பார்த்ததே இல்லையா?"

"ஐயோ! கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் செதுக்கினா, கண்ணாடி மாதிரி மறுபக்கமும் தானா வந்துடும். அதை நிறுத்த மறந்துட்டேன்!" தலையில் அடித்துக்கொண்டு பேனாவால் காலை இழுத்தான், வழித்தான், மடக்கினான்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் அவள் கொட்டகையில்தான். உளவு பார்க்க... வேறெதுக்காம்? உளவு பார்க்கப் போகிறவள் எதற்குக் கண்ணாடி பார்த்துத் தலைவாரினாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"அந்தப் பயகிட்ட இனிமே பேசினே, தெரியும் சேதி!" என்றாள் அம்மா. "நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட வந்தவன்டி."

அம்மா சொன்னது சரிதானோ? திங்களன்று அவள் திருத்திக்கொடுத்த கால், செவ்வாயன்று மறுபடி கோணலாக இருந்தது. புதனும் அப்படியே. ஒருநாள் மறதி, சரி... பத்து நாளுமா?

அன்றைக்கு அவன் தண்ணீர் பிடிக்கப் போன நேரம். அவள் திரையைத் தடவினாள். வரிசையாகக் கோப்புகள். ஒன்றின் பெயர் 'முடிஞ்சது'. தேதி, அவள் முதன்முதலாகத் திருத்தம் சொன்னதற்கு மறுநாள்! திறந்தாள். ஆறுகால் வண்டி சரிவில் ஜம்மென்று ஏறிப் போனது.

திரும்பி வந்தவனைப் பார்த்ததும் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்ல வண்டி துரைக்கு, கோணல் வண்டி எனக்கா? நானே சொல்லிக் குடுத்து எங்க வீட்டை நானே வித்துட்டேனே! பாவி!"

அவன் பதறிப்போய் போனை நீட்டினான். கே.எல். பட்டணத்து கேம் கம்பெனியிலிருந்து வந்த செய்திகள். வண்டி கிடைத்தது, பிரமாதம். ஆபீஸுக்கு எப்போது வருகிறாய்? ஏன் பதிலே இல்லை? எஸ்டேட் பேரோ, துரை பேரோ எங்குமே இல்லை. அவள் இரண்டு தடவை படித்தாள். சந்தேகம் யாரை விட்டது!

"பின்ன ஏன் தினமும் காலைக் கெடுத்தீங்க?"

மழை ஓட்டில் தடதடத்தது. அவன் காது சிவந்து போயிற்று.

"வண்டி நடந்துட்டா நான் மலையிறங்கணுமே, வசு..."

வசுவா? யார் கொடுத்த உரிமை? ஆனாலும் அவள் திருத்தவில்லை.

"கோணலா இருந்தாத்தானே நீங்க வந்து திட்டுவீங்க? எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. சொல்லத் தைரியமில்லாம தினமும் அதை விழ வெச்சேன்."

அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"முதல்ல எங்கம்மாகிட்ட வந்து, இந்த வண்டி வெளிய வராதுன்னு சொல்லுங்க. இதனால வீடு போகாதுன்னு அவங்க நம்பணும்."

"சொல்றேன். அப்புறம்?"

"அப்புறம்... எனக்கும் உங்களைப் புடிச்சிருக்குன்னு அதையும் நீங்களே சொல்லிருங்க. எனக்கு வெட்கமா இருக்குலா..."