மகள் என்று போட்ட கையெழுத்து

மகளை மெடிக்கல் காலேஜிலிருந்து நீக்கப் போகிறார்கள் என்பது அன்று காலையில் ராணிக்கு இரண்டாவது துக்கம்தான். அந்தச் செய்தி தன்னைவிடப் பத்து நிமிஷம் முன்னதாக ஓரகத்தி விக்டோரியாவுக்குத் தெரிந்துவிட்டதே, அதுதான் முதல் துக்கம்.

ஹாஸ்டலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த லிசா, அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த தாயைத் தாண்டி நேராகப் பெரியம்மாவின் அறைக்குள் போய் அழுதாள். சத்தம் கேட்டு ராணி ஓடிப்போய்ப் பார்த்தபோது விக்டோரியாவின் மடியில் லிசாவின் தலை கிடந்தது. பெற்றவள் தோசைத் திருப்பியைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அடுப்படியில் தோசை கருகியது. அதற்கும் விக்டோரியாதான் காரணம் என்று அவளுக்குத் தோன்றியது.

விக்டோரியா ராணியின் கணவர் லூர்துராஜுக்கு அண்ணி. அண்ணன் போய்ப் பதினோரு வருஷம், பிள்ளை கிடையாது. கான்வென்ட் பள்ளியில் டீச்சர். லிசாவை மடியில் வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், தவளைப் படம் வரையக் கற்றுக்கொடுத்தவள், நீ டாக்டராவாய் என்று முதலில் சொன்னவள் எல்லாம் அவள்தான். ராணிக்கு மிஞ்சியது சோறு பொங்குவது. அதிலும், மீன் குழம்பு பெரியம்மா கைப்பக்குவத்துக்கு வருமா என்று லிசா ஒருநாள் சொல்லிவிட, ராணி விக்டோரியாவோடு ஆறு வாரம் பேசவில்லை. மகளோடு அரைநாள் கூடப் பேசாமல் இருக்க முடியாது. அதனால் அந்தக் கோபமும் சேர்ந்து விக்டோரியாவின் தலையிலேயே விடிந்தது.

ஹெப்பாள் ஃபேக்டரிக்குக் கம்பெனி பஸ் பிடிக்கச் சட்டைப் பட்டனைப் போட்டபடி லூர்துராஜ் காலேஜ் நோட்டீஸை இரண்டு முறை படித்தார். பொய்ச் சான்றிதழ் கொடுத்த குற்றத்துக்காக மூன்றாம் வருஷ மாணவி லிசாவை ஏன் நீக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை தாயாருடன் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஜூலையில் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை என்று சொல்லிப் போன விக்டோரியா வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. கொள்ளேகால் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். தையலில் சீழ் வைத்துப் பத்தொன்பது நாள் கிடந்திருக்கிறாள். பெண்கள் வார்டில் துணைக்குப் பெற்ற பிள்ளையைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். நீ யாரம்மா என்று சிஸ்டர் கேட்டதும் லிசா யோசிக்காமல் படிவத்தில் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பெரியம்மா சத்தியம் வாங்கியிருந்ததால் காலேஜிலும் முன்கூட்டிச் சொல்லவில்லை. திரும்பிப் போய், மகள் என்று குறித்து ஆஸ்பத்திரி கொடுத்த சான்றிதழைத்தான் நீட்டினாள். காலேஜ் ஃபைலிலோ தாயார் பெயர் ராணி. அந்த வருஷம் ஏற்கனவே நாலு பேர் போலிச் சான்றிதழில் மாட்டியிருந்தார்கள்.

"அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல டாடி," என்றாள் லிசா. "மம்மி எழுதுன மாதிரி யாரோ லெட்டர் போட்டிருக்காங்க. நான்தான் தாய், எனக்கு ஆபரேஷனும் இல்ல ஒண்ணும் இல்லன்னு. எங்க மம்மி இப்படி எழுதவே மாட்டாங்கன்னு ஆபீஸ்ல சண்ட போட்டுட்டுத்தான் வந்தேன்..."

ராணி கருகிய தோசையைச் சுரண்டப் போனாள். சுரண்டச் சுரண்டத் தோசைக்கல் தேய்ந்ததே தவிர நெஞ்சு ஆறவில்லை.

எழுதியது அவள்தான். மூன்று வாரம் முன்பு காலேஜிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது, சான்றிதழின் நகலோடு. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு மூன்று வரி புரிந்தது. நோயாளி: விக்டோரியா. துணைக்கு இருந்தவர்: லிசா. உறவு: மகள். அதற்குக் கீழே என்ன ஆபரேஷன் என்று எழுதியிருந்த வரிக்குக் கண் போகவே இல்லை. மகள்! பத்துமாசம் சுமந்தது ஒருத்தி, உறவு எழுதிக்கொள்வது இன்னொருத்தியா? அன்று மத்தியானமே பதில் எழுதினாள். லிசாவின் தாயார் நான் ஒருத்தியே, வேறு தாயார் யாரும் இல்லை, தேவ கிருபையால் எனக்கு இதுநாள்வரை ஒரு தலைவலிகூட வந்ததில்லை. கேட்காததையும் எழுதினாள், லிசா பிறந்தபோது எடை மூன்றேகால் கிலோ என்று. தபால்பெட்டி வரை போய்ப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அப்படி ஒரு நிம்மதி.

லூர்துராஜ் பஸ்ஸுக்குப் போனார். அழுத களைப்பில் லிசா தூங்கிவிட்டாள். விக்டோரியா அடுப்படிக்கு வந்து, சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை தானே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகவும், வேண்டுமானால் தையலையே காட்டிவிடுவதாகவும் சொன்னாள்.

"அந்த லெட்டர் நான்தான்க்கா எழுதுனேன்," என்றாள் ராணி, அடுப்பைப் பார்த்தபடி.

"தெரியும்."

"எப்படி?"

"ஆபீஸ்ல படிச்சுக் காட்டுனத லிசா சொன்னா. தேவ கிருபையால்னு இந்த வீட்ல வேற யாரு எழுதுறா? அதுவும் பிள்ளையோட எடைய..." விக்டோரியா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அவகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

இந்தப் பெருந்தன்மையும் ராணிக்குச் சுட்டது. மன்னிப்பதிலும் இவள் முந்திக்கொண்டாளே.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உன்கிட்டயா? அப்ப நீ என்கூடப் பேசவே இல்லியே ராணி," என்றாள் விக்டோரியா. "ஏற்கனவே பிள்ள பெறாதவன்னு பேரு. இப்ப அந்தப் பையும் போச்சுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல? நீ என்னப் பாத்துப் பொறாமப்படுறது எனக்குத் தெரியும். ஆனா அவ ஒன்ன மம்மின்னு கூப்புடுறப்பல்லாம் எனக்கு இங்க என்ன பண்ணும்னு உனக்குத் தெரியாது. இருபது வருஷமா தெரியாது..."

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று ராணி கனவிலும் நினைத்ததில்லை. ஒரு நொடி, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

சாயங்காலம் லூர்துராஜிடமும் சொன்னாள். அவர் ஒன்றும் திட்டவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனார். மகளிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

விசாரணை அறைக்குள் தாயாருக்கு மட்டும்தான் அனுமதி. விக்டோரியா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த பெரியவர் "கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார். ராணி உட்காரவில்லை. அவளுடைய கன்னடம் தேவராஜ மார்க்கெட்டில் கற்றது. விலை குறைக்க உதவுமே தவிர, உயிரைக் காப்பாற்றப் போதுமா என்று தெரியாது.

பெரியவர் கடிதத்தை எடுத்து நீட்டினார். லிசா முந்திக்கொண்டு, அது தன் தாயின் கடிதமே இல்லை, யாரோ வேண்டாதவர்கள் எழுதியது என்று படபடத்தாள். அந்தப் பேச்சில் இருந்த நம்பிக்கையைக் கேட்க ராணியால் முடியவில்லை. பேசாமல் தலையாட்டிவிடலாம். கடிதம் போலியாகிவிடும், தன் மானமும் பிழைக்கும். ஆனால் இன்னொரு பொய் பிடிபட்டால் பிள்ளையின் படிப்பு அன்றோடு முடிந்தது.

"நான்தான் எழுதுனேன் சார்," என்றாள். பாதி கன்னடம், பாதி தமிழ். "பொறாமையில எழுதுனேன். எம் மக பொய் சொல்லல."

லிசா திரும்பிப் பார்த்தாள். ராணி அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்மணிக்கு வயிற்றில் தையல் இருக்கிறது என்றாள். ஒரே வீட்டில் இருந்தும் தனக்கு அது தெரியாது, இந்தப் பிள்ளைக்குத்தான் தெரிந்தது என்றாள். வார்டில் நீ யார் என்று கேட்டபோது கொழுந்தன் மகள் என்று எழுதியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள், அந்த அக்கா அநாதையாகக் கிடந்திருப்பாள் என்றாள்.

"சீழைத் தொடச்சது, மலம் அள்ளுனது, எல்லாம் இவதான் சார். அத மக செய்யாம யாரு செய்வா? இவ எனக்கும் மக, அவளுக்கும் மக. டாக்டருக்குப் படிக்கிறவ நோயாளிய விட்டுட்டு க்ளாஸுக்கு வந்திருக்கணும்னா... சொல்லுங்க, கூட்டிட்டுப் போயிடுறேன்."

மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரிக்கு அங்கேயே டிரங்க் கால் போட்டார்கள். பத்தொன்பது நாளும் அந்தப் பெண் ராத்திரி பகல் கூடவே இருந்தாள் என்று அங்கிருந்த சிஸ்டர் சத்தமாகச் சொன்னது ராணி வரைக்கும் கேட்டது. நீக்கம் இல்லை என்றார் பெரியவர். ஆனால் வருகைக் குறைவுக்கு ஒரு டெர்ம் திரும்பப் படிக்க வேண்டும். தாயார் பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இப்போது சொன்னதைக் கைப்பட எழுதித் தர வேண்டும். ஒரு டெர்மைக் கொஞ்சம் குறைத்துப் போடக் கூடாதா என்று ராணி கேட்டுப் பார்த்தாள். மார்க்கெட் பழக்கம். பெரியவர் பேனாவை நீட்டினார்.

வராந்தாவுக்கு வந்ததும் லிசா தாயின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன் மம்மி?"

"சொன்னேனே. பொறாமைடி," என்றாள் ராணி. "அவகிட்ட ஒன்ன எடுத்துக் குடுத்துட்டு நான் என்னத்த வச்சிருப்பேன்னு..."

கோபம் போகவில்லை என்பது லிசாவின் முகத்தில் தெரிந்தது. இருந்தும் தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, போகமாட்டேன் என்பதுபோல் அப்படியே நின்றாள். பிறகு மத்தியான க்ளாஸுக்கு நேரமாகிவிட்டதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு சீட் கிடைத்தது. ராணி விக்டோரியாவை அதில் தள்ளி உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றாள். ரிங் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது; பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது விக்டோரியா கண்ணை இறுக்கி மூடினாள். அடுத்த பள்ளம் வருவதற்குள் ராணி குனிந்து, தன் கையை அவள் வயிற்றின் குறுக்கே அணையாக வைத்தாள்.

"இன்னும் வலிக்குதாக்கா?"

இந்தக் கேள்வியை இந்த இரண்டு மாசத்தில் அவளிடம் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. விக்டோரியாவின் கண்ணீர் ராணியின் கையில் சொட்டியது. கண்டக்டர் டிக்கெட் கேட்டுவிட்டு, பதில் வராததால் முன்னால் போய்விட்டார்.

"உள்ள என்ன எழுதிக் குடுத்த?" என்று கேட்டாள் விக்டோரியா, மூக்கை உறிஞ்சியபடி.

"லிசாவுக்குத் தாயார் ரெண்டு பேருன்னு."

"என் பேரும் போட்டியா?"

"போட்டேன். என் பேருக்குக் கீழ." ராணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கொஞ்சம் சின்ன எழுத்துல."

விக்டோரியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "சிரிக்க வைக்காதடி பாவி... தையல் பிரியுது" என்று ராணியின் கையைத் தன் இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்து இறுக அழுத்திக்கொண்டாள்.