சத்தம் வராத அறை

வீடு வாங்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். என் மனைவி படுத்துப் பார்த்தாள்.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினான்கு வருஷமாக இரவு டியூட்டி. காலையில் வந்து கண்ணை மூடினால் பக்கத்து வீட்டு டி.வி., மாடியில் யாராவது நாற்காலி இழுப்பது, வாசலில் மணி. இத்தனைக்கும் மேலே நான். பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து வண்டி நேரம் அறிவிக்கிறவன் நான். இருபது வருஷம் கத்தியதில் மெதுவாகப் பேசுவதே மறந்துவிட்டது. நான் துண்டு எங்கே என்று கேட்டால், மூன்றாம் பிளாட்பாரத்தில் வண்டி வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்பாள்.

ஊருக்கு வெளியே வாங்கலாம் என்றேன். போகவர மூன்று மணி நேரம் பேருந்திலேயே போய்விடும், அப்புறம் எங்கே தூங்குவது என்று கேட்டாள். அதுவும் நியாயம்தான். அதனால் நகரின் நட்டநடுவில் வீடு தேடினோம். சந்தடியின் நடுவில் தூங்க இடம் தேடின புத்திசாலிகள் நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

புரோக்கருக்கு நாங்கள் வைத்த பெயர் அஞ்சு நிமிஷம். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றாலும் அஞ்சு நிமிஷம், அவர் எப்போது வருவார் என்றாலும் அஞ்சு நிமிஷம். அவர் காட்டிய பதினோராவது வீடு அது. கீழே பாத்திரக் கடை, அதை ஒட்டி ஸ்பீக்கர் வைத்துக் கூவும் செல்போன் கடை, எதிரே சிக்னல். பகல் பதினொரு மணி. காது கிழிந்தது. நான்கு மாடி ஏறும்வரை அந்தச் சத்தமும் கூடவே ஏறி வந்தது.

கதவைத் திறந்து விட்டவர் வீட்டை விற்கிற அம்மா. அறுபது வயதிருக்கும், ஒடிந்து விழுகிற உடம்பு. வெளிச்சம் கண்ணில் குத்துவதுபோல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். டியூட்டி முடிந்து வெள்ளைச் சீருடையோடு வந்திருந்த என் மனைவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சாலையைப் பார்த்த அறைக்கு அவளை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

நானும் பின்னாலேயே போனேன். அறையின் வாசற்படியைத் தாண்டியதும் சத்தம் நின்றது.

குறையவில்லை. நின்றது.

"ஜன்னல் எல்லாம் அந்தக் காலத்து மரம் சார்," என்றார் புரோக்கர்.

ஜன்னல் திறந்திருந்தது. கீழே சிக்னல் விழுந்து அத்தனை வண்டிகளும் நகர்வது தெரிந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவியின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லி, கைப்பையைத் தலைக்கு வைத்து, அங்கிருந்த பழைய கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் படுத்தாள். அடுத்த நொடி தூங்கிவிட்டாள்.

இரண்டு மணி நேரம். நானும் புரோக்கரும் ஹாலில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். "அஞ்சு நிமிஷத்துல எழுந்திருவாங்க சார்," என்று அவர் நாலு தடவை சொன்னார். நடுவில் அந்த அம்மா அறைக்குள் போய், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். ஒரு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வயதில் அவ்வளவு வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை.

எழுந்து வந்த என் மனைவி, "வேற எதையும் பாக்க வேணாங்க. இதையே வாங்கிடுங்க," என்றாள். வாங்கினோம்.

முதல் மாதம் சொர்க்கம். அவள் கன்னத்தில் சதை பிடித்தது. சமையலறையில் பாட்டு முணுமுணுத்தாள். இரண்டாம் மாதம் தூக்கம் பத்து மணி நேரமானது, டியூட்டிக்கு லீவு போட ஆரம்பித்தாள். அறை வாசற்படியில் நின்று நான் கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. பேருந்து நிலையத்தையே அதிர வைக்கிற குரல் ஒரு படியைத் தாண்டவில்லை. உள்ளே போய்த் தொட்டுத்தான் எழுப்ப வேண்டும்.

ஒருநாள் மதியம் சாப்பிடக் கூப்பிட உள்ளே போனேன். அவள் தூங்கவில்லை. அந்த அம்மா விட்டுப்போன கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கடிகாரம். கண் கட்டில்மேல். கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்த போர்வை மட்டும்.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"எண்ணிட்டிருக்கேன்," என்றாள் மெதுவாக.

"எதை?"

கண்ணால் கட்டிலைக் காட்டினாள். அப்போதுதான் எனக்கும் கேட்டது.

மூச்சு.

இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, விடுகிற மூச்சு. சளி கட்டின நெஞ்சிலிருந்து வருவது. கட்டில்மேலிருந்து வந்தது. பல நாள் மாற்றாத படுக்கையின் வாடையும், மருந்து வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. என் மனைவி குனிந்து, எதுவும் இல்லாத இடத்தில் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

அவளை ஹாலுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அப்போதெல்லாம் கூப்பிட்டால் அறையை விட்டு வருவாள். தண்ணீர் குடிக்கிற நேரம்வரை இருப்பாள்.

"எவ்வளவு நாளா இது?"

"முதல் நாள்லேர்ந்து." தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்குத் தரையில தூங்கினேன்ல, யாரோ காதுகிட்ட வந்து 'சிஸ்டர், நான் கிளம்புறேன்'னாங்க. 'சரி, நீங்க போங்க, நான் இருக்கேன்'னு சொல்லிட்டேன்."

"அதனால என்ன?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க. எங்க வேலையில அடுத்த ஆள் வந்து அந்த வார்த்தையச் சொல்லாம பேஷண்ட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சொல்லிட்டா அப்புறம் அவங்க பொறுப்பு. பதினாலு வருஷமா தினம் சொல்ற வார்த்தைங்க. தூக்கத்துல கேட்டாலும் வாயில வந்துரும். பழக்க தோஷம்."

எதிர்வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவிடம் ஓடினேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்.

"வித்த அம்மா ஒரு முதியோர் இல்லத்துல ஆயாவா இருந்தவங்க தம்பி. வீடு வாங்கி ஒன்பது வருஷம், அந்த ரூமை விட்டு வெளிய வந்து நான் பாக்கல. சாப்பாடுகூட நான்தான் குடுப்பேன். யாருக்கு முடியலன்னு கேட்டா, 'பாத்துக்கணும்ல'ம்பாங்க. கட்டில்ல ஆளே கிடையாது. நீங்க வீடு பாக்க வந்த அன்னிக்குத்தான் படியிறங்கினாங்க."

"முன்னாடியே சொல்லக்கூடாதாக்கா?"

"சொல்லி என்னப்பா ஆகியிருக்கும்? நீங்க வந்தப்பவே உங்க வீட்டம்மா தூங்கிட்டாங்களே."

அன்று மாலையே அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறப் பார்த்தேன். வெறும் ஐம்பது கிலோ. ஹாலைத் தாண்டி வாசற்கதவுக்கு வந்தபோது அவள் மூச்சு நின்றது. உதடு நீலமானது. என் தோளைப் பிடித்திருந்த கை நழுவித் தொங்கியது. அலறிக்கொண்டு திரும்ப ஓடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். பெருமூச்சு ஒன்று இழுத்து, கடிகாரத்தைத் தேடினாள். அதற்குப் பிறகு ஹாலுக்குக்கூட அவளால் வர முடியவில்லை.

நான் கட்டிலைப் பார்த்து, தொண்டை கிழிய, "நான் இருக்கேன். இவ போகட்டும்," என்றேன்.

மூச்சு நின்றது. யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு பழையபடி இழுத்தது.

"உங்களை அது ஒத்துக்காதுங்க," என்றாள் என் மனைவி. "அதுக்குப் பழகின கை வேணும்."

பழகின கை எனக்குத் தெரியும். அவளோடு வேலை பார்க்கும் சிஸ்டர், தங்கை மாதிரி, கூப்பிட்டால் ஓடி வருவாள். வந்து அசதியில் 'நான் இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செல்போனில் அவள் நம்பரை எடுத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எடுத்தேன்.

"அவளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க," என்றாள் என் மனைவி, கட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ தலையில கட்டிட்டு நான் எழுந்து வர்றதா? போனைக் கீழ வைங்க."

வைத்தேன்.

அவள் வேலைக்குப் போவது அடியோடு நின்றது. நான் ஊட்டினால் இரண்டு வாய். கன்னத்துச் சதை வந்த வேகத்தில் போயிற்று. ஆனால் ஒரு வியாழக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"குறையுதுங்க. நிமிஷத்துக்குப் பன்னெண்டு இருந்தது, இப்ப ஏழு. நிறையப் பாத்திருக்கேன். முடியப்போகுது. முடிஞ்சா யாரும் யாருக்கும் மாத்திவிட வேணாம். நான் எழுந்து வந்துருவேன்."

வெள்ளி, ஐந்து. சனி, மூன்று. யாரோ ஒருவர் சாவதற்காக நான் வேண்டிக்கொண்டேன். அவள் நெற்றியில் வியர்வையைத் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்தான்மா," என்றேன். என் ஆயுளில் நான் மெதுவாகப் பேசியது அந்த மூன்று நாள்தான்.

ஞாயிறு பகல். ஹாலில் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குள்ளிருந்து ஹாரன் கேட்டது.

அடுத்து ஒரு லாரி. செல்போன் கடை ஸ்பீக்கர். தெருவே அந்த அறைக்குள் வந்து விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அவள் வெளியே வந்தாள். சொந்தக் காலில் நடந்து, நிமிர்ந்து வந்தாள்.

"முடிஞ்சுதாம்மா?"

உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

தெருச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக் கிட்டே போனேன். ஓரடி. இன்னும் ஓரடி. கை நீட்டித் தொடுகிற தூரம் வந்ததும் ஹாரன், லாரி, ஸ்பீக்கர் எல்லாம் அறுந்தன.

மூச்சு மட்டும் கேட்டது.

சளி இல்லை. தடுக்கல் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் விடும் சீரான மூச்சு. அது சாகவில்லை. பிழைத்துக்கொண்டது. என் மனைவி அவ்வளவு நல்ல நர்ஸ்.

அவள் நெஞ்சைப் பார்த்தேன்.

மூச்சு வந்துகொண்டிருந்தது. நெஞ்சு அசையவில்லை.

"ஏம்மா," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். யாரென்று தெரியாத பார்வை. ஆனால் கனிவு இருந்தது, வராந்தாவில் காத்திருக்கும் யாரையும் அவள் பார்க்கும் கனிவு.

"சார், கொஞ்சம் வெளிய வெயிட் பண்ணுங்க," என்றாள்.

எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள். எல்லாரையும்போல நானும் கேட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். உள்ளே தாழ் விழுந்தது.

கீழே சிக்னல் இரைச்சல் ஏறி வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. தையல்கார அக்கா மெஷினை விட்டு எழுந்து வந்து என் முன்னால் குனிந்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். திரும்பவும் கேட்டார். அவர் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. சிக்னல் இரைச்சலும் அறுந்து, அந்தச் சீரான மூச்சு மட்டும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மெல்லத் திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது.